ஒரு நெடில்

என் முதல் கவிதை
அப்பாவின் இறைச்சிக் கடையில் தொங்குகிறது,
விலைப் பட்டியலுக்கும் பன்றிப் படத்துக்கும் நடுவே,
கண்ணாடிச் சட்டத்துக்குள்.
பதினொரு வயதில் எழுதியது. எட்டு வரி.
கோழி திருடும் ஜிப்சியைப் பற்றி.
எதுகை கச்சிதமாக விழுந்திருக்கும்.

அன்று அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார்.
சூப் கிண்ணங்களைத் தட்டி மாமாக்கள் ஆரவாரித்தார்கள்.
அதைவிடப் பெரிய பரிசு
எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

இப்போது பதினாறு.
பில் தாள்களின் முதுகில் எழுதுகிறேன்.
விரலிலிருந்து மிளகாய்ப்பொடி ஒட்டி
சில வரிகள் சிவந்துவிடும்.
அரைப்புள்ளி பிடிக்கும்;
நிற்கவும் மனமில்லை, போகவும் மனமில்லை அதற்கு.
பேருந்தில் ஒட்டுக்கேட்பேன்.
பொய் சொல்வேன், பெரும்பாலும் வானிலையைப் பற்றி.
கோபம் உடனே வரும்,
அதற்கான சொல் மூன்று நாள் கழித்து,
பல் தேய்க்கும்போது.

கடையில் ஒரு தகரத் தட்டு உண்டு.
மற்றவர்கள் காசை அப்பாவின் கையில் கொடுப்பார்கள்.
ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்தவர்கள் தட்டில் போடுவார்கள்.
யாரும் யாருக்கும் சொல்லித்தந்ததில்லை.
சனிக்கிழமைகளில் கல்லாவில் நான் நிற்கும்போது
என் முகவாயும் தானாகத் தட்டைக் காட்டும்.

நூலகத்தில் ஒரு சொற்பிறப்பு அகராதி,
வீட்டுக்குத் தரமாட்டார்கள்.
தீசா நதி உறைந்து கிடந்த குளிர்காலம் முழுக்க
அங்கேயே உட்கார்ந்து படித்தேன்,
கையுறையோடு பக்கம் புரட்டி.
இரவில் கல்லாவை எண்ணும்போது
அப்பா வாய் நிறையச் சொல்லும் 'லோவே'
அவர்கள் மொழியிலிருந்து வந்தது.
பசித்து வந்தவுடன் கேட்கும் 'கொயா'வும்.
பிறகு 'சொய்'.
பிரியம் பொங்கும்போது மட்டும்
என் பின்னலை இழுத்து அவர் கூப்பிடுவது.
அவர்கள் வீடுகளில் அதற்கு
மகள் என்று பொருள்.

சாப்பாட்டு மேசையில் சொன்னேன்.
சொல்லியிருக்க வேண்டிய விதத்தில் அல்ல,
ஜெயித்தவளைப் போல.
அப்பா கரண்டியைக் கீழே வைத்தார்.
"எவன் எழுதின அகராதி?"
அம்மா ரொட்டியை வெட்டிக்கொண்டே இருந்தாள்.
நாங்கள் நான்கு பேர்.
பத்துத் துண்டுகளுக்கு மேல் ஆகியும்
அவள் கத்தி நிற்கவில்லை.

அன்றிலிருந்து நான் போக்லார்கா.
முழுப் பெயர், கடிதத்தில் எழுதுவதைப் போல.
காசுக்கும் சோற்றுக்கும்
பள்ளிப் பாடநூலின் சொற்களைப் பொறுக்கி எடுக்கிறார்,
முள் எடுத்து மீன் தின்பவரைப் போல.
எனக்கு 'சொய்' வேண்டும்.
வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் வேண்டும்.

போன சனிக்கிழமை ரோஷ்டாஷ் விராக் வந்தாள்.
பள்ளியில் எனக்கு ஒரு வகுப்பு மேல்.
அரைக் கிலோ கோழிக் கழுத்து.
நான் எடைபோடும்போது அவள் சுவரைப் பார்த்தாள்,
ஐந்து வருடமாகப் பார்க்கிற அதே இடத்தை.

"நீ எழுதினதுதானே?"
"ம்."
"கோழியில நெடில் விட்டுப்போயிருக்கு."

திரும்பிப் பார்த்தேன்.
உண்மைதான். அந்த எழுத்தின் தலைமேல் கோடு இல்லை.
ஆசிரியை பார்க்கவில்லை, அப்பா பார்க்கவில்லை,
சட்டம் போட்டவனும் பார்க்கவில்லை.
அந்த எட்டு வரியை உண்மையிலேயே வாசித்தவள்
இவள் ஒருத்திதான் போலிருக்கிறது.

ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.
மூன்று நாள் ஆகும் எனக்கு.
பொட்டலத்தைக் கட்டிவிட்டுக்
கையை நீட்டினேன், உள்ளங்கை மேலாக.
அவள் என்னைப் பார்க்காமல்
பழக்கத்தில்
தட்டில் போட்டாள்.

எண்ணினேன்.
சரியாக இருந்தது.