யன்னல் திறந்துதான் இருக்கிறது

வெள்ளி இரவு உறங்கப்போட்ட கணினி
திங்கள் எட்டேகாலுக்கு எழும்பியது,
முகம் கழுவாமல்.
ஐஸ் கணக்கின் மேல்விளிம்பு மூன்று தடவை,
ஒன்றன்கீழ் ஒன்றாய்.
பிடித்து இழுத்தேன்.
இழுத்த வழியெல்லாம் தோலை உரித்துப் போட்டுக்கொண்டு
வந்தது யன்னல்.
நடுவில் ஒரு கறுப்புச் சதுரம்
யாரோ தார் ஊற்றிய மாதிரி.

வெளியே உட்துறைமுக வீதியில்
மான் ஒன்று எங்கள் டோனர் பெட்டியின் அட்டையைத் தின்றுகொண்டிருந்தது.
துரத்த நேரமில்லை.

முப்பத்தொரு படகு.
எந்தப் படகுக்கு எத்தனை கட்டி ஐஸ், எவ்வளவு கடன்,
எல்லாம் இதற்குள்.
சேமிக்கவில்லை.
வெள்ளி ஏழு மணிக்குக் கறண்ட் போனது,
யூபிஎஸ் கத்தத் தொடங்கியது.
மூட மனமில்லாமல் உறங்க வைத்துவிட்டு
கடைசி பஸ்ஸுக்கு ஓடினேன்.

ஜிஃப்ரிக்கு எடுத்தேன்.
கிண்ணியாப் பாலத்தில் நிற்கிறானாம்,
கச்சான் காற்றாம், கத்திச் சொல்லட்டாம்.
கத்தினேன்.
ஐஸுக்கு வந்து நின்ற எமிலியான் அண்ணை
எட்டிப் பார்த்தார்:
"என்ன பிள்ளை, பேய் பிடிச்சிட்டுதோ?"

"பதறாதீங்க அக்கா, ஒண்டும் போகல்ல.
படுக்க முதல் அது
எல்லாத்தையும் டிஸ்கில எழுதி வச்சிட்டுத்தான் படுத்தது.
படம் கீறுறவன்தான் இன்னும் முழிக்கல்ல,
பழைய படத்தையே போட்டுத் தடவுறான்."

நாலு விசை சொன்னான், ஒன்றாய் அழுத்த:
விண்டோஸ், கொன்ட்ரோல், ஷிஃப்ட், பி.
தொலைபேசியைத் தோளில் இடுக்கி
இரண்டு கையாலும் அழுத்தினேன்.

இருண்டது.
கீச்சென்று ஒரு சத்தம்.
முப்பத்தொரு படகும் இருட்டுக்குள்.
ஒன்று எண்ணினேன், இரண்டு எண்ணமுதல்
வந்துவிட்டது.
தார் இல்லை, தோல் இல்லை.
ஐஸ் கணக்கையும் காணவில்லை.

கீழே பட்டியில் பெயர் இருக்கிறது.
சுட்டியை வைத்தால்
பெருவிரல் நகமளவு படமும் காட்டுகிறது.
சொடுக்கினால் வரவில்லை.

"அது திறந்துதான் இருக்கு" என்றான்.
"மேசையில இன்னொரு திரை இருந்ததா?"

இருந்தது. வலப்பக்கம்.
சனிக்கிழமை மூதூர்க் கிளைக்கு ஏற்றிப் போய்விட்டார்கள்.
வயரைக் கழற்றும்போது இது தூக்கத்தில்,
யாரும் இதற்குச் சொல்லவில்லை.

மேசையில் தூசி படியாத ஒரு நீள்சதுரம்.
அதற்கு மேலே, வெறும் காற்றில்,
போன வருடக் கலண்டருக்கு முன்னால்,
என் கணக்கு விரிந்து நிற்கிறது
ஒரு சதமும் பிசகாமல்.
கையை நீட்டிப் பார்த்தேன்.
எமிலியான் அண்ணை பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓல்ட்டும் ஸ்பேஸும். பிறகு எம்.
பிறகு இடது அம்பு, விடாம அமத்துங்க."

அமத்தினேன்.
ஒன்றும் இல்லை.
ஒன்றும் இல்லை.
பிறகு திரையின் வலது ஓரத்தில்
நூலளவு வெள்ளை.
நூல் நாடாவாகி, நாடாவுக்குள்
படகுகளின் பெயர்கள் வரத் தொடங்கின:
நூறுல் பஹ்ர், சமுத்திரதேவி, அந்தோனியார் துணை.
"அது நான்தான்" என்றார் அண்ணை சந்தோசமாய்.
பிறகு கட்டிகளின் எண்ணிக்கை.
பிறகு திகதி.
கடன் நிரல் கடைசியில்,
வலது கோடியில், இன்னும் காற்றில்.

"பிள்ளை" என்றார்,
"இவ்வளவும் காணும்தானே.
மிச்சம் அங்கயே நிக்கட்டுமன்."

விரலை எடுக்கவில்லை.
பதினாறாயிரத்து நானூறு
மெல்ல உள்ளே வந்து நின்றது.

ஜிஃப்ரி இன்னும் காற்றுக்குள் கத்துகிறான்:
டிரைவரைப் புதுசாப் போடோணும்,
விரைவுத் தொடக்கத்தை நிப்பாட்டோணும்,
இனி உறங்க விடாதீங்க, மூடிட்டுப் போங்க.
ஓம் ஓம் என்றேன்.

"எத்தனை கட்டி, அண்ணை?"
"நாலு."
"காசோ?"
வீதியில் நின்ற மானைப் பார்த்தார்.

அந்தோனியார் துணை, நாலு, எழுதினேன்.
கொன்ட்ரோல், எஸ்.
நம்பிக்கையில்லாமல்
இன்னொருக்கா, கொன்ட்ரோல், எஸ்.