பதினோராவது வரைவு

பாகலூர் சாலையில் நான் இறங்கும்போது
பனி விலகியிருக்காது.
ஒரு பக்கம் ரோஜாக்குடில்களின் பிளாஸ்டிக் வெளிச்சம்,
எதிர்ப்பக்கம் எங்கள் கம்பெனி.
விமானம் செய்கிறோம் என்று ஊரில் சொல்லிக்கொள்வேன்.
கதவுக்கு ஒரு கொக்கி,
இறக்கைக்குள் ஒளிந்திருக்க விரல் நீளத்தில் ஒரு தாங்கி,
அவ்வளவுதான் செய்கிறோம்.
நான் அதையும் செய்வதில்லை.
அதைப் பற்றி எழுதுகிறேன்.

முன்பு ராயக்கோட்டை மண்டியில்
தக்காளி விலை எழுதினேன், ஒரு மாலைப் பத்திரிகைக்கு.
கூடை நாற்பது ரூபாய் என்றால்
நாற்பது என்றே எழுதவேண்டும்.
'விலையில் சிறு தளர்வு' என்று எழுதிப்பாருங்கள்,
விடிந்ததும் மேசைமேல்
கூடையைக் கவிழ்த்துவிட்டுப் போவார்கள்.

நேர்காணலில் கேட்டார்கள்:
ஏரோஸ்பேஸ் பற்றி என்ன தெரியும்?
ஒன்றும் தெரியாது, கேட்டுக் கேட்டு எழுதுவேன் என்றேன்.
சிரித்தார்கள்.
எடுத்துக்கொண்டார்கள்.

முதல் வருடம் முழுக்கக் கேட்டேன்.
மில்லிமீட்டரை ஆயிரமாய்ப் பிளந்து
அதில் ஒன்றுக்காகச் சண்டை போடுகிறவர்களை.
டைட்டானியம் கத்தும் எந்திரத்தருகே
காதடைப்பானைக் கழற்றாமல் பேசுகிறவர்களின் உதடுகளை.
வீட்டில் தெலுங்கு, பேருந்தில் கன்னடம்,
ஷெட்டில் தமிழ், அறிக்கையில் ஆங்கிலம்;
நாலிலும் டாலரன்ஸ் டாலரன்ஸ்தான்.

பெங்களூரு கண்காட்சியில் சிற்றேடு நீட்டினேன்.
தலைக்குமேல் போர் விமானம் ஒன்று
என் வாக்கியத்தைப் பாதியில் கிழித்தது.
மீதியைச் சைகையில் சொன்னேன்.
அந்த வருடம்தான் பதவியில் 'மூத்த' சேர்ந்தது,
சம்பளத்தில் இரண்டாயிரத்து நானூறு.

ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை
ஆய்வறையில் விளக்கணைத்து, புற ஊதா வெளிச்சத்தில்
நாகவேணி ஒரு தாங்கியைத் திருப்பினாள்.
பச்சையாய் ஒரு கோடு.
மயிரிழை.
அதே வார்ப்பில் நானூற்றுப் பன்னிரண்டு
அதற்குள் கடல் தாண்டியிருந்தன.

வாடிக்கையாளருக்குக் கடிதம், பத்திரிகைக்கு நான்கு வரி,
இரவுக்குள் வேண்டும்.
'விலகல்' என்று போடு என்றது தொலைபேசியில் வக்கீல் குரல்.
'மாறுபாடு' என்றார் தரப்பிரிவுத் தலைவர் சம்பங்கி.
'கவனத்துக்குரிய ஓர் அம்சம்',
இது நான் எழுதியது. எட்டாவது வரைவு.
மறைக்கமாட்டேன்,
அப்போது அது அழகாகவே தெரிந்தது.

பத்தாவதை நாகவேணியிடம் காட்டினேன்.
நின்றபடியே படித்தாள்.
"நான் பாத்தது இது இல்லையே மேடம்.
விரிசல்னு ஒரு சொல் இருக்குதே,
அதுக்கு என்ன கேடு?"

கேண்டீன் மூடிவிட்டது.
வாய்க்குள் தக்காளியின் புளிப்பு,
யாரோ கூடையைக் கவிழ்க்கிற சத்தம்.
பதினோராவதில் விரிசல் என்று எழுதினேன்.
எண்ணிக்கையை எண்ணாகவே எழுதினேன்.

கேசவமூர்த்தி சாரின் பேனா
அந்தச் சொல்லின்மேல் கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு கீழே போய்க் கையெழுத்திட்டது.

அதனால் எல்லாம் நல்லபடி முடிந்தது என்று
என்னால் எழுதமுடியாது.
நானூற்றுப் பன்னிரண்டும் பெட்டிபெட்டியாய்த் திரும்பின.
ஓர் ஆர்டர் நின்றுபோனது.
இரண்டு மாதம் ஓவர்டைம் இல்லை,
பேருந்தில் என் பக்கத்து இருக்கை
சில நாள் காலியாகவே வந்தது.
சம்பங்கி மட்டும் வணக்கம் சொன்னார், வழக்கத்தைவிடச் சத்தமாக.

வெளிநாட்டுத் தொழில் இதழ் ஒன்று
என் நான்கு வரியை அப்படியே போட்டிருந்தது.
அச்செடுத்து ஆய்வறைக்குக் கொண்டுபோனேன்.
தன் பெயர் இல்லாததை நாகவேணி கேட்கவில்லை.
விளக்கைப் போட்டு, தாளைச் சாய்த்து,
தாங்கியைப் பார்ப்பதுபோலவே பார்த்தாள்.

"ஓசூரை கர்நாடகான்னு போட்டிருக்காங்க.
அதுக்கும் ஒரு திருத்தம் அனுப்புங்க."