தட்டு ஒன்றுக்குப் பதினைந்து ரூபாய்

நாற்பத்து மூன்று இசைத்தட்டுகள், ஓர் ஆப்பிள் பெட்டிக்குள்.
காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில்
எடைக்கு வாங்கினாராம் மேனேஜர் பிலவேந்திரன்.
ஹோட்டல் வரவேற்பறைச் சுவரில் மாட்ட.
"கறுப்பு பளபளன்னு இருக்கணும், அவ்வளவுதான்.
பாட்டு யாருக்கு வேணும்."
கானாடுகாத்தானிலிருந்து பள்ளத்தூர் வரை
சைக்கிள் கேரியரில் வைத்து உருட்டிக்கொண்டே வந்தேன்.
ஏறி மிதிக்கப் பயம்.

தண்ணீர்தான் முதல் தொல்லை.
போர்த் தண்ணீர் காய்ந்தால் வெள்ளையாய்ப் பூக்கும்.
சம்பை ஊற்றுத் தண்ணீர் நாக்குக்கு இனிப்பு,
தட்டுக்கு அதுவும் உப்பு.
பேட்டரிக் கடையில் ஒரு கேன் வாங்கினேன்.
"இன்வெர்ட்டருக்கா அக்கா?"
ஆமாம் என்றேன். விளக்கினால் விலை ஏறும்.

நடுவில் ஒட்டிய காகிதம் நனையக் கூடாது.
தயிர் டப்பா மூடி இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று,
கவ்விப் பிடிக்கக் கனிஷ்காவின் கை.
காகிதத்தில் யாரோ பேனாவால் ஓர் உ போட்டு
கீழே விலாசம் எழுதியிருக்கிறார்கள்,
அண்டாவில் வெட்டுகிற மாதிரியே:
மு.ராம.சித.
சீர்ச் சாமான் கணக்கில்
பாட்டும் இருந்திருக்கும் போல.

பாத்திர சோப்பு இரண்டே சொட்டு.
பிள்ளைகள் பல் துலக்கும் மெல்லிய பிரஷ்.
குறுக்கே தேய்க்காமல் கோட்டோடு போக வேண்டும்.
இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.
ஆத்தங்குடிக் கல்லில் பூ எந்தப் பக்கம் வளைகிறதோ
அந்தப் பக்கம் வளைந்தே பழகிய கை.

பள்ளத்திலிருந்து என்னென்னவோ வந்தது:
பல்லி முட்டை ஓடு, சாம்பிராணிக் கரி,
எறும்பின் கால்,
வேர் வரைக்கும் நரைத்த ஒற்றை முடி.

பதினேழாவதில் தப்பு நடந்தது.
வாழை மட்டை போல் வளைகிற தட்டுக்கு ஸ்பிரிட் ஆகும்.
கல்லாய்க் கனத்து, சுண்டினால் ஓடு போல் ஒலிப்பதற்கு
ஆகவே ஆகாது.
அன்றைக்கு அது தெரியாது.
துணியைப் பார்த்தேன், மை மாதிரி கறுப்பு.
அழுக்கு வருகிறதென்று சந்தோஷப்பட்டு
இன்னும் அழுத்தித் துடைத்தேன்.
அழுக்கில்லை. பாட்டு.
ஒரு பக்கம் முழுக்க
என் பழைய உள்பாவாடைத் துணியில் வந்துவிட்டது.

பிலவேந்திரன் இருநூறு பிடித்துக்கொண்டார்.
"அப்ப இது என்னுது" என்றேன்.
"வச்சு என்ன செய்வே? தோசை ஊத்துவியா?"

மறுபக்கம் அப்படியே இருந்தது.
கனிஷ்கா பள்ளிக்கூடத்தில் பார்த்தாளாம்:
காலண்டர் தாளைக் கூம்பாய்ச் சுருட்டி
முனையில் குண்டூசி செருகினாள்.
அவள் அப்பாவின் பஞ்சர் கடையிலிருந்து
ஒரு பெடல் பேரிங்,
அதன்மேல் கவிழ்த்த சாப்பாட்டுத் தட்டு,
அதன்மேல் இது.
நான் சுற்றினேன். அவள் ஊசியைப் பிடித்தாள்.

முதலில் கருவாடு பொரிகிற சத்தம்.
பிறகு அதற்குள்ளிருந்து
கொசு அளவுக்கு ஒரு குரல்.
மெதுவாகச் சுற்றினால் ஆம்பளை.
வேகமாகச் சுற்றினால் சின்னப் பெண்.
இடையில் ஏதோ ஒரு வேகத்தில்
பாடினவர் இருக்கிறார்.
கை கடுக்கும் வரை தேடினோம்.
ஒரே ஒரு சுற்றில்
யாரோ மூச்சை இழுத்தார்கள்,
அடுத்த வரிக்கு முன்னால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல.

"நிறுத்தும்மா."
"ஏன்டி?"
"ஊசி தேயுதா தட்டு தேயுதா தெரியல.
கறுப்பா தூள் வருது."

நாற்பத்திரண்டும் இப்போது சுவரில்.
நடு ஓட்டை வழியே ஆணி.
விருந்தாளிகள் முன்னால் நின்று போட்டோ எடுக்கிறார்கள்,
கறுப்பில் அவரவர் முகம் தெரிகிறது.
அந்த அளவுக்குத் துடைத்திருக்கிறேன்.

கீழே நான் தரையைத் துடைக்கிறேன்.
மேலே மின்விசிறி சுற்றச் சுற்ற
கோட்டுக்குக் கோடு தூசி இறங்குகிறது.
ஆடிக் காற்று அடித்தால்
திரும்பக் கழற்றித்தான் ஆக வேண்டும்.
இந்தத் தடவை இருபது கேட்கலாம் என்றிருக்கிறேன்.