மைனஸ் பதினெட்டு

குளிரறைக் கதவு திறந்தால்
என் மேசையில் மஞ்சள் விளக்கு எரியும்.
தொண்ணூறு நொடி தாண்டினால் சிவப்பு.
சிவப்புக்குக் காரணம் எழுத வேண்டும்.
அதற்கொரு பதிவேடு, அதிலொரு கட்டம்,
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்,
கலீசியக் கரையின் இந்த மத்தி டப்பா ஆலையில்.

பிப்ரவரியில் பதினொரு சிவப்பு.
மார்ச்சில் நாற்பத்து மூன்று.

தாழ்ப்பாள் தளர்ந்திருக்கும் என்று
மெக்கானிக் ப்ரெய்ஷோவைக் கூப்பிட்டேன்.
முட்டி போட்டுப் பார்த்தான், முகர்ந்தும் பார்த்தான்.
"பூட்டில் பழுதில்லை.
யாரோ உள்ளே போய் நிற்கிறார்கள்."

மீன் திருடுகிறார்கள் என்று நினைத்தேன்.
இதை எழுத இப்போதும் கூசுகிறது.

காத்திருந்து நுழைந்தேன்.
உறைந்த கணவாய்ப் பெட்டிகளுக்கு நடுவே
எர்மிந்தா.
ரப்பர் ஏப்ரன் தரையில்,
தலைவலை கையில்,
மேலங்கியின் மூன்று பொத்தான் அவிழ்ந்து
கழுத்திலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது
இறக்கி வைத்த சோற்றுப் பானைபோல.
ஐம்பத்தொரு வயது.
இருபத்தாறு வருடமாக மத்தியின் தலை கிள்ளும் விரல்கள்
ஐஸ் பிடித்த சுவரில் அப்பியிருந்தன.
"உள்ளே யாரோ கொள்ளி வைக்கிறார்கள்," என்றாள்
கண்ணைத் திறக்காமல்.
"இரண்டே நிமிடம். எழுதிவிடாதே."

எழுதாமல் விட முடியாது.
பொய் எழுதலாம்.
எழுதினேன்: பனி சுரண்டல்.
எழுதினேன்: பெட்டி எண்ணிக்கை சரிபார்ப்பு.
எழுதினேன்: எலி.

எலி என்று எழுதியதுதான் வினை.

மூன்றாம் நாள் ஆய்வாளர்கள் வந்தார்கள்
பொறியோடும் டார்ச்சோடும்.
மேலாளர் லௌரெய்ரோ வேலையை நிறுத்தி
எல்லோரையும் சாப்பாட்டுக் கூடத்தில் நிற்க வைத்தார்.
எலியைப் பார்த்தது யார்?

அறுபது பெண்கள், அறுபது ஜோடி வெள்ளை பூட்ஸ்.
என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
கொதிநீர்த் தொட்டிக்கார ஒப்துலியா
ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.
"எலியும் இல்லை, பூனையும் இல்லை.
மாதவிடாய் நிற்கிற வயது.
எனக்கு, எர்மிந்தாவுக்கு, லேபிள் ஒட்டும் மூன்று பேருக்கு.
நெருப்பென்றால் வாய் வெந்துவிடாது, ஐயா.
ஒருமுறை சொல்லித்தான் பாருங்களேன்."

அவர் சொல்லவில்லை.
காதுகள் மட்டும் வேக வைத்த இறால் நிறத்துக்கு வந்தன.

பின்வரிசையில் சபேலா, பத்தொன்பது வயது,
பள்ளிக்கூடத்தில்போலக் கை தூக்கினாள்.
"முதல் இரண்டு நாள் எனக்குக் கண் இருட்டும்.
ஜனவரியில் மயங்கி விழுந்தேனே,
காலையில் சாப்பிடவில்லை என்றேன்.
சாப்பிட்டிருந்தேன்."

அதற்குப் பிறகு யார் என்ன சொன்னார்கள் என்று
வரிசையாக நினைவில்லை.
தூக்கம் வராத இரவுகள்,
எண்ணி முடிப்பதற்குள் மறந்துபோகும் டப்பாக் கணக்கு,
கழிவறைக்கு மணியடித்துக் கேட்கும் அனுமதி.
மத்திகள் பெல்ட்டில் காத்துக் கிடந்தன.
யாரும் அவசரப்படவில்லை.

மே மாதத்துக்குள் வந்து சேர்ந்தவை:
இரண்டு மின்விசிறி, ஒன்று கிறீச்சிடும்.
ரப்பருக்கு உள்ளே போட பருத்தி அங்கி.
உயரமான முக்காலி எட்டு. கேட்டது முப்பது.
மாதத்துக்கொரு வியாழன் வருவதாகச் சொன்ன மருத்துவர்
இதுவரை ஒரு வியாழன் வந்தார்.
என் பதிவேட்டில் ஏழு என்றொரு புதுக் குறி.
ஏழுக்கு விளக்கம் கேட்கக் கூடாது.

எர்மிந்தா இன்னும் குளிரறைக்குத்தான் போகிறாள்.
விசிறி காற்றைத்தான் தரும் என்கிறாள்.
சிவப்பு எரிகிறது, ஏழு போடுகிறேன்,
திரும்பி வரும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து
உறைந்த கணவாய் ஒன்றைத் தூக்கி ஆட்டிக் காட்டுகிறாள்.

எனக்கு முப்பத்திரண்டு வயது.
இந்த அலுவலகத்தில் நான்கு வருடத்தில்
பத்தொன்பது முறை எனக்குப் பல்வலி.
என் பற்களைப் பார்த்தால் பல் மருத்துவர் பொறாமைப்படுவார்.

நேற்று நான்கு மணிக்கு
நெற்றி மேசையில் சரிந்து, அடிவயிற்றை
யாரோ ஈரத் துணிபோலப் பிழிந்தபோது
விடுப்புத் தாளை எடுத்தேன்.
காரணம் என்னும் கட்டம் கட்டைவிரல் அகலம்.
பல்வலி அதில் அளவெடுத்ததுபோலப் பொருந்தும்.

எண்டோமெட்ரியோசிஸ், என்று தொடங்கினேன்.
அது கோட்டைத் தாண்டி, ஓரத்தைத் தாண்டி,
மேலாளர் கையெழுத்திடும் இடத்துக்குள் போய்
நின்றது.