விசில், முப்பத்தெட்டு ரூபாய்

விசில் முப்பத்தெட்டு ரூபாய்.
அதைக் கொண்டுவந்து தர நூற்றுப்பத்து.

கழுவின தண்ணீரோடு ஓடையில் போயிருக்கும் என்கிறார் இவர்.
எலி இழுத்திருக்கும் என்கிறான் மகன்.
எப்படிப் போனால் என்ன,
மூன்று நாளாகக் குக்கர் மூடியின் மூக்கு வழியே
கேஸ் காசு ஆவியாகப் போகிறது.

மஞ்சூருக்கு மேலே, இந்த உயரத்தில்
தண்ணீர் அவசரக்காரி.
முழுசாய்ச் சூடேறுமுன்னே கொதித்துவிடுவாள்.
அரிசி மட்டும்
கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி
விறைப்பாகவே உட்கார்ந்திருக்கும்.
துவரம்பருப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பாத்திரக்கடையில் கேட்டேன்.
"அந்தக் கம்பெனி விசில் தனியா வராதும்மா,
புதுக் குக்கரே எடுத்துக்குங்க."
ஊட்டிக்குப் போகலாம்.
போக வர பஸ், ஒருநாள் கூலி,
ஸ்டாண்டில் ஒரு டீ, பதினைந்து ரூபாய்
(எங்கள் இலை கிலோவே அதற்குச் சற்று மேலேதான்).
கூட்டிப் பார்த்தால்
நூற்றுப்பத்து நியாயமாகத் தெரிய ஆரம்பிக்கிறது.
அதுதான் எனக்கு எரிச்சல்.

நானூற்றுத் தொண்ணூற்றொன்பதுக்கு வாங்கினால்
டெலிவரி இலவசமாம். பச்சை எழுத்தில்.

போனைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாய்ப் போனேன்.
தெய்வானைக்கு மூக்குக்கண்ணாடிக் கயிறு, அறுபத்தைந்து.
மாதம்மாவுக்கு எலிப்பசை, தொண்ணூற்றொன்பது.
குஞ்ஞுமோள் டீச்சருக்கு ஸ்டேப்ளர் பின், நாற்பத்தொன்பது.
மேஸ்திரி வீட்டு மருமகள் காதில் சொன்னதை
இங்கே எழுத மாட்டேன், நூற்றிருபத்தொன்பது.
மகனுக்கு பேட் கைப்பிடி ரப்பர், எழுபத்திரண்டு.
மொத்தம் நானூற்றைம்பத்திரண்டு.
இன்னொரு விசில் போட்டாலும் ஒன்பது ரூபாய் குறைகிறது.
ஒன்பது ரூபாய்க்கு
அத்தனை பெரிய கடையில் ஒரு சாமானும் இல்லை.

கடைசியில் பின் டப்பாவை இரண்டாக்கினோம்.
டீச்சர் இனி ஓய்வு பெறும்வரை குத்தலாம்.
யாருக்கும் வேண்டாத அந்த நாற்பத்தொன்பதை
ஆளுக்குப் பத்தாய்ப் பிரித்துக்கொண்டோம்,
டீச்சர் மட்டும் ஒன்பது.

ஒன்பதாம் நாள் போன்.
"அக்கா, ரோடு சரிஞ்சிருக்கு, வண்டி ஏறாது.
ஜங்ஷனுக்கு வந்துடுங்க."
இரண்டு கிலோமீட்டர், சாரல், காலில் அட்டை.
எட்வின் என்ற பையன்,
மழைக்கோட்டைக் கழற்றிப் பார்சல்களுக்குப் போர்த்திவிட்டு
தான் நனைந்துகொண்டு நின்றான்.
"ஒரு பார்சலுக்கு உனக்கு எவ்வளவு தம்பி?"
"பதினாலுக்கா. பெட்ரோல் நம்மளது."
அப்போ மீதி? என்றேன்.
அவன் மூடுபனியைப் பார்த்தான்.
நானும் பார்த்தேன்.
அங்கே ஒன்றும் தெரியவில்லை.

இலை இறங்கும்போது
ஈரத்துக்கு ரெண்டு கிலோ, சாக்குக்கு அரை,
அப்புறம் வண்டிக்கூலி என்று கழிப்பார்கள்.
சாமான் ஏறும்போதும் கூலி நம்முடையதே.
மலை ஒன்றுதான்.
இரண்டு பக்கமும் டிக்கெட் நமக்கே கிழிக்கிறார்கள்.

பெட்டியைத் தலையில் வைத்து ஏறினேன்.
ஒரு ஆட்டுக்குட்டி படுக்கலாம், அவ்வளவு பெரிய பெட்டி.
உள்ளே எங்கேயோ விசில்
உருண்டு உருண்டு வந்தது.
பாதி ஏற்றத்தில் மூச்சு வாங்க நின்றபோது புரிந்தது:
பச்சை எழுத்தில் இலவசம் என்று போட்டிருந்தது
என் முழங்காலைத்தான்.

விசில் கொஞ்சம் லூஸ்.
மாதம்மா நூல் சுற்றிக் கொடுத்தாள்.
இருமுவது போல ஒரு சத்தம் வருகிறது,
பருப்பு வேகிறது.
பிடிக்கவில்லை என்றால்
திருப்பி அனுப்புவதும் இலவசமாம்.

ஜங்ஷன் வரைக்கும்
யார் போவது?