இரண்டு ஊசி

மேலுதட்டின் மேல் பதினோரு கோடுகள்.
மாத்தே உறிஞ்சி உறிஞ்சி விழுந்தவை, என்றார் டாக்டர் இருசார்.
ரொசாரியோவில் யாருக்குத்தான் இல்லை.

முதல் ஊசி தசையை அரைத்தூக்கத்தில் போடும்.
இரண்டாவது, பள்ளத்துக்கு ஒரு சொட்டு, அவ்வளவுதான்.
"கூடப் போட எவராலும் முடியும், நெலிதா.
நிறுத்தத்தான் கை வேண்டும்."
ஐஸ்கட்டி. கண்ணாடி. ஆறு தவணை.

பத்து நாள் கழித்து மகள் கேட்டாள்,
நல்லாத் தூங்கினாயா அம்மா?
ரொட்டிக்கடைக்காரன் அதுவும் கேட்கவில்லை.
ஒருத்தருக்கும் தெரியாமல் இருக்கத்தானே
அத்தனை பணம்.

ஏவரிஸ்தோ மட்டும்
கரண்டியைக் கீழே வைத்தான்.
இரும்புப் பட்டறை அவன் காதைத் தின்று இருபது வருடம்;
என் வாயைப் பார்த்துத்தான் என்னைக் கேட்பான்.
"பகரம் பிந்தி வருகிறது உனக்கு," என்றான்,
"வெளியூர்க்காரி மாதிரி."

மாத்தே குழலை நழுவவிட்டேன். மோவாயெல்லாம் பச்சை ஈரம்.
சொன்னேன் எல்லாவற்றையும்.
விளக்கைப் போட்டு நாற்காலியை இழுத்துக்கொண்டான்.
எவ்வளவு ஆச்சு?

பெசோ, என்று தொடங்கினேன், காசு.
பெசோ, என்று படித்தான், முத்தம்.
உதட்டில் இரண்டும் ஒன்றுதான்,
ஊசிக்கு முன்னாலும்.