கூட்டல்

நேற்று விண்கலத் தகட்டில் பதினேழு மோதல்.
பதினொன்று, வால்வெள்ளி உதிர்த்தது.
ஐந்து, கோள்களுக்கிடையே அலைந்த தூசி.
மிச்சம் ஒன்று
கலமே உதறிய பெயின்ற்.
எண்ணி முடிய, கொக்குவிலில் கரண்ட் போனது.

காந்தத்தைப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு
மொட்டைமாடிக்கு ஏறினேன்.
இங்கேயும் விழுமாம்,
மணலிலும் சிறிய உருண்டைகள், உருகி ஆறியவை.

பீலியில் இழுக்க ஒட்டியது
வெல்டிங் கடைப் பொறி, ஆணித் துரு,
பிறகு, நகத்தளவு சில்லொன்று:
ஓரம் கிழிந்து, முப்பது மாரி நனைந்து.
மேலிருந்து வந்ததுதான் அதுவும்.
என் அட்டவணையில் அதற்கு நிரல் இல்லை.
எறியவும் கை வரவில்லை.

கீழ்வீட்டு றெஜினாக்கா ரோச் அடித்தா:
“இருட்டுக்க நிண்டு என்னத்தைக் கூட்டுறியள்?”

பதினேழோடு ஒன்று.